வாசகர் கேள்வி–பதில்: கருவறையிலும் கடைசிப் படுக்கையிலும்

கருக்கலைப்பு, கருணைக்கொலை ஆகிய இரண்டையும் பற்றி வாசகர்கள் கேட்க விரும்புவதை எழுதி அனுப்பும்படி சென்ற மாத இதழில் கேட்டிருந்தோம். ஈரோடு, திருப்பூர், கோவை, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் பெயரைப் போட வேண்டாம் என்ற குறிப்பு இருந்ததால், எல்லாருக்கும் ஒரே முறையாக ஊர்ப்பெயரை மட்டும் வெளியிடுகிறோம். நாள் தள்ளிப்போனால் பயனற்றுப் போகும் கேள்விகளுக்குத் தொலைபேசியில் அப்போதே பதில் சொல்லியாயிற்று. எழுதியவர்களின் இசைவுடன் அவையும் இங்கே அச்சாகின்றன.

எனக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதல் ஸ்கேனைத் தவறவிட்டுவிட்டு 21-ஆம் வாரத்தில் எடுத்தபோது, குழந்தைக்கு மண்டையோடும் மூளையும் உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள். "20 வாரம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று உள்ளூரில் கைவிரித்துவிட்டார்கள். "வயித்துல இருக்கற உசுரக் கொன்னா ஏழு தலமொறைக்கும் பாவமுங்க" என்கிறார் மாமியார். கணவர் வாயே திறப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது? இது பாவமா? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. உங்களுக்குப் பதில் சொன்னவர் பழைய எல்லையைச் சொல்லியிருக்கிறார். 1971-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தோடு நிறுத்தியிருந்தது. 2021-இல் வந்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20-லிருந்து 24 வாரம் வரை, வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமியர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், கருவில் கடுமையான குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் ஒத்த கருத்து வேண்டும். பெருங்குறைபாடு இருப்பதாக அரசு அமைத்துள்ள மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரம் என்ற எல்லையும் கிடையாது. அக்குழு விண்ணப்பம் கிடைத்த 3 நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். ஆக, 21-ஆம் வாரத்தில் நிற்கும் உங்களுக்கு நீதிமன்றம் தேவையில்லை. மகப்பேறு மருத்துவர்கள் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இரண்டு கையெழுத்தும் போதும். உடற்குறைபாடுகளைப் பார்க்கும் ஸ்கேனை 18-லிருந்து 20 வாரத்திற்குள்தான் எடுக்கிறார்கள் என்பதும், பழைய சட்டத்தின் கதவு அதே 20-ஆம் வாரத்தில் மூடியது என்பதும் எத்தனை குடும்பங்களை உயர் நீதிமன்ற வாசலுக்கு அலையவிட்டன என்பதை அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் நன்றாகவே அறிவேன்.

அடுத்தது பாவம் பற்றிய கேள்வி. கருவை அழிப்பதைப் பெரும்பாவங்களுள் ஒன்றாகவே நம் சாத்திரங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் மாமியார் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால், அதே சமூகம் தன் நடைமுறையில் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனால் நம் ஊர்களில் இழவு சொல்லி அனுப்புவதில்லை, கருமாதி செய்வதில்லை; ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று கரு வளர்ந்த பின்னர்தான் வளைகாப்பும் கட்டுச்சோறும் வருகின்றன. கரு வளர வளர அதற்கு நாம் செலுத்த வேண்டிய கடப்பாடும் வளர்கிறது என்ற உணர்வு இந்த வழக்கங்களுக்குள் இருக்கிறது. வழக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் கருத்தரித்த நொடியிலேயே முழு மனிதர் என்பதும், பிறக்கும்வரை வெறும் சதை என்பதும் ஆகிய இரண்டு நிலைகளையும்விட, இந்தப் படிப்படியான கணக்கே கர்ப்பத்தைச் சுமப்பவர்களின் அனுபவத்திற்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன். வாரக் கணக்கை வைத்து நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போகும் நம் சட்டமும் ஏறத்தாழ இதையே செய்கிறது.

உங்கள் நிலையில் இந்த விவாதம்கூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. மூளையும் மண்டையோடும் உருவாகாத கரு பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடும். எந்த அறுவை சிகிச்சையாலும் அதைத் தடுக்க முடியாது. பிழைக்கக்கூடிய ஓர் உயிரை நீங்கள் மறுக்கவில்லை. இன்னும் நான்கு மாதம் சுமந்து பெற்று, பெற்றதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவதா, இப்போதே முடித்துக்கொள்வதா என்பதே உங்கள் முன் உள்ள தேர்வு. சுமந்து பெற்று, ஒரு மணி நேரமாவது மடியில் வைத்துக்கொள்ள விரும்பும் தாய்மாரும் உண்டு. அவர்களையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். மாமியாரோ நானோ அல்ல. உங்கள் கணவரின் மௌனத்தைப் பற்றி ஒன்று: அதைச் சம்மதமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள், எதிர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று ஸ்கேன் படத்தைப் பார்க்க வையுங்கள்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 22, திருமணம் ஆகவில்லை. ஏழு வாரம் என்று நினைக்கிறேன். மருந்துக் கடையிலேயே மாத்திரை கிடைக்கும் என்கிறாள் தோழி. மருத்துவமனைக்குப் போனால் கணவர் கையெழுத்து, வீட்டார் கையெழுத்து என்று கேட்பார்களா? – வாசகி, திருப்பூர்

கேட்கலாம், ஆனால் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே போதும் என்று சட்டம் நேரடியாகச் சொல்கிறது. கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பம் என்ற காரணம் முன்பு மணமான பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும் வகையில் எழுதப்பட்டிருந்தது. 2021 திருத்தத்தில் "கணவர்" என்ற இடத்தில் "துணைவர்" என்று மாற்றினார்கள். 20 வாரத்தைத் தாண்டிய நிலையிலும் மணமாகாதவரை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. உங்கள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

மாத்திரையைப் பொறுத்தவரை, 9 வாரம் வரை அது நல்ல முறைதான். ஆனால் மருத்துவரின் சீட்டோடு மட்டுமே கொடுக்கப்பட வேண்டியது. ஏழு வாரம் என்பது உங்கள் கணக்கு, பத்து வாரமாகவும் இருக்கலாம். கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளே இரத்தம் கொட்டும்போதுதான் விஷயம் தெரியவரும். விடுதி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை அன்று அது. ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள்.

பெண்ணின் உடல், பெண்ணின் முடிவு என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். அப்படியானால் "இது பெண் குழந்தை, வேண்டாம்" என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அதுவும் அவளுடைய உரிமைதானே? அதை மட்டும் ஏன் குற்றம் என்கிறீர்கள்? – வாசகர், சங்ககிரி

வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இதுதான். சேலம் மாவட்டத்திலிருந்து வந்திருப்பதும் பொருத்தமே. பெண் சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கியது சேலத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். எருக்கம்பாலும் நெல்மணியும் செய்த வேலையை அதற்குள் ஸ்கேன் இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது.

முரண்பாடு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே பதில் சொல்கிறேன். நம் சட்டம் இதில் கையாளும் வழியைக் கவனியுங்கள். 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் முதன்மையாகக் குறிவைப்பது கருவின் பாலினத்தைச் சொல்பவரையும் சொல்லச் சொல்பவரையும். "கருவில் உள்ள குழந்தையின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது" என்ற பலகை பெருந்துறையிலும் பொள்ளாச்சியிலும் ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் மாட்டப்பட்டிருப்பது அதனால்தான். கர்ப்பிணிப் பெண்ணே பரிசோதனைக்கு வந்து நின்றிருந்தாலும், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியே அவர் வந்தார் என்று நீதிமன்றம் கருத வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதாவது, சங்ககிரியிலோ மேட்டூரிலோ ஒரு பெண் "எனக்கே வேண்டாமுங்க" என்று சொல்லும்போது, அந்தச் சொல் யாருடையது என்று சட்டமே சந்தேகிக்கிறது.

அந்தச் சந்தேகம் நியாயமானது. கருக்கலைப்புக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் மேசையருகே பல முறை நின்றிருக்கிறேன். பேனாவைத் திறந்து கொடுப்பவர் மாமியார், இடத்தைத் தொட்டுக் காட்டுபவர் கணவர், "ஏஞ் சாமி, போட்டுரு" என்பவர் பெற்ற தாய். கையெழுத்து மட்டும் அந்தப் பெண்ணுடையதாக இருக்கும். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், "மொதல்ல ரெண்டும் புள்ளையாப் போச்சுங்க, இதுவும் புள்ளைன்னா ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாங்க" என்று பதில் வரும். இதைப் பெண்ணின் தேர்வு என்று அழைப்பது அவளைக் கேலி செய்வதாகும். மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்துவிட்டது. தோட்டத்தைப் பங்கு பிரிக்கும் நாளில் "சீர் செஞ்சாச்சல்ல" என்று கூறி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மகள் என்றால் செலவு என்ற கணக்கு அங்கே உயிரோடு இருக்கும்வரை, கருவறைக்குள் எடுக்கப்படும் முடிவு அந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. பெண் என்பதற்காகக் கலைப்பது பெண்ணினத்தையே இழிவுபடுத்துவது என்றால், மாற்றுத்திறன் உள்ள குழந்தை என்பதற்காகக் கலைப்பது மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துவது ஆகாதா? மாற்றுத்திறனாளி உரிமை இயக்கங்கள் இதை நீண்ட காலமாகக் கேட்டுவருகின்றன. கோபி வாசகியின் கரு போல உயிர் வாழவே முடியாத நிலையையும், பிறவியிலேயே அறிவுவளர்ச்சி மெதுவாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலையையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது என்பதே என் கருத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், பெற்றோரைவிட மகிழ்ச்சியாகவும் சிலர் இருக்கிறார்கள். சட்டம் அந்தப் பெண்ணுக்கு அனுமதி கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அறிக்கையைக் கையில் கொடுத்த அதே நிமிடத்தில் "கலைச்சுரலாமுங்க" என்று தீர்ப்பும் எழுதிவிடும் மருத்துவர்களைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அப்படி ஒரு குழந்தையை வளர்க்கும் குடும்பம் ஒன்றைச் சந்தித்துவிட்டு வந்து முடிவு சொல்லும்படி கேட்பதற்கு இரண்டு நாள்கூட ஆகாது.

கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் எங்கள் திருச்சபை மறுக்கிறது. ஐ.சி.யு.வில் இருக்கும் சித்தப்பாவுக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் அதுவும் பாவமா? அத்துடன், இவ்வளவு தெளிவான போதனையை ஒரு நாடு சட்டமாகவே ஆக்கினால் என்ன தவறு? – வாசகர், கோவை

கத்தோலிக்கப் போதனை பலர் நினைப்பதைவிட நுட்பமானது. உயிரைப் போக்கும் நோக்கத்துடன் செய்யும் எதையும் அது ஏற்பதில்லை. அதே வேளையில், நோயாளிக்குப் பயனைவிடச் சுமையையே தரும் அசாதாரண சிகிச்சையை ஏற்றே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதும் இல்லை. மயக்க மருத்துவர்களுக்கு 1957-இல் ஆற்றிய உரையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைத் தெளிவாகவே கூறினார். உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவரும் இதையே சொல்வார்.

சட்டமாக்குவதைப் பற்றி அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 2012 அக்டோபரில், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 17 வாரக் கரு கலைந்துகொண்டிருந்த நிலையில், கருவின் இதயத்துடிப்பு நிற்காததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நச்சுக்குருதியால் இறந்தார். அவர் கத்தோலிக்கரும் அல்லர். 2018-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் தடையை நீக்க வாக்களித்தனர். தாயின் உயிரைக் காக்க எத்தனையாவது வாரத்திலும் கருக்கலைப்புச் செய்யலாம் என்ற பிரிவு நம் சட்டத்தில் 1971-லிருந்தே இருக்கிறது.

அப்பாவுக்கு வயது 84. பக்கவாதம் வந்து 19 நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். மூளை திரும்பாது என்கிறார்கள். எடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். "அப்பனைக் கொல்றதுக்குக் கையெழுத்துப் போடுவியா" என்று தங்கை அழுகிறாள். நடுவில் நான். ஊசி போட்டுக் கொல்வதற்கும் இதற்கும் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா? – வாசகர், காங்கயம்

இருக்கிறது, ஆனால் அது சிலர் சொல்வதுபோல் "செய்வது, செய்யாமல் விடுவது" என்பதில் இல்லை. குழாயை எடுப்பதும் ஒரு செயல்தான். நீரில் மூழ்கும் குழந்தையைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், நான் ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், ஊசி போட்டால் எவரும், நோயில்லாதவரும் இறப்பார். குழாயை எடுத்தால் எந்த நோய் அவரைக் கொண்டுவந்து படுக்கவைத்ததோ அந்த நோயே அவரைக் கொண்டுபோகிறது. இன்னொன்றும் உண்டு. தன் உடம்புக்குள் எதைச் செலுத்தலாம் என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் இருக்கிறது. முதல் நாளே வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டென்றால், இருபதாம் நாள் போதும் என்று சொல்லும் உரிமையும் உண்டு.

நம் நாட்டுச் சட்டமும் இங்கேதான் கோடு கிழித்திருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நினைவிழந்து கிடந்தார். அவருக்காக எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று, கடும் கட்டுப்பாடுகளுடன் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அருணாவின் விஷயத்தில் அனுமதி தரவில்லை. அவரை அத்தனை ஆண்டுகளும் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள், நீதிமன்றம் அவர்களையே உற்றவர்களாகக் கருதியது. 2015-இல் நிமோனியாவால் அவர் இறந்தார். 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியத்துடன் இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து நடைமுறையையும் வகுத்தது. அது யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. ஊசி போடுவது இன்றும் கொலைக் குற்றமே.

இப்போது நடைமுறை. அப்பா எதையும் எழுதி வைக்கவில்லை என்றாலும் வழி உண்டு. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது இரண்டு வல்லுநர்களும் கொண்ட முதல் குழு, உங்கள் அனைவரிடமும் பேசி எழுத்தில் சம்மதம் பெற்று, முடிந்தவரை 48 மணி நேரத்திற்குள் கருத்துச் சொல்லும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழு அதைச் சரிபார்க்கும். நடைமுறைப்படுத்தும் முன் மருத்துவமனை குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்கும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது.

இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று மருத்துவமனையிலேயே உங்களிடம் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள், சொல்லியும் இருப்பார்கள். "எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, ஓர் ஊழியர் காற்றுப் பையை வழியெல்லாம் அமுக்கிக்கொண்டே வர, வீட்டு வாசற்படியில் இறக்கியதும் குழாயை உருவிவிடுவார்கள். வாயில் பால் ஊற்றுவதற்குள் மூச்சுத் திணறி எல்லாம் முடிந்துவிடும். வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்ற ஆசை மதிக்கத்தக்கது. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் எந்தக் குழுவும் பார்க்காமல், திணறலைத் தணிக்க ஒரு சொட்டு மருந்தும் கொடுக்காமல் நடக்கும் இந்தச் சாவை யாரும் கருணைக்கொலை என்று சொல்வதில்லை, எதிர்த்துக் கட்டுரை எழுதுவதும் இல்லை. அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தால், திணறலுக்கும் வலிக்கும் உரிய மருந்தையும், அதைக் கொடுக்கத் தெரிந்த ஒருவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.

அண்ணனும் தங்கையும் மோதிக்கொள்வதற்குக் காரணம், இருவரும் தத்தம் விருப்பத்தைச் சொல்வதே. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்தப் படுக்கையைக் கால்மாட்டில் நின்று அப்பாவே பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்? பங்காளி ஒருவர் இப்படிக் கிடந்தபோது அவர் என்ன சொன்னார்? மூவரும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். பணத்தையும் ஒளிக்காமல் பேசுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு ஆகிறது, யார் கொடுக்கிறார்கள், பூமிப் பத்திரம் இன்னும் யார் பெயரில் இருக்கிறது என்பவை எல்லார் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாசத்தை மட்டும் பேசுவது ஒருவரையொருவர் சந்தேகிக்கவே வழி செய்யும். பணம் தீர்ந்துவிட்டது என்பது வெட்கப்பட வேண்டிய காரணம் அன்று. அதை அப்பாவின் விருப்பம் என்று மாற்றிச் சொல்வதுதான் தவறு.

வடக்கிருந்து உயிர் நீப்பதைப் போற்றிய நாடு இது. நோயில் கிடப்பவர் மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும்? தென்மாவட்டங்களில் படுக்கையில் கிடக்கும் முதியோரின் உயிரை முடித்துவைக்கும் தலைக்கூத்தல் வழக்கமும் ஒருவகைக் கருணைதானே? – வாசகர், பெருந்துறை

வடக்கிருத்தலுக்குச் சான்று தேடி நீங்கள் உறையூருக்குக் கோப்பெருஞ்சோழனைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விசயமங்கலம் சமணக் கோயிலில், கங்கர் அமைச்சர் சாவுண்டராயரின் தங்கை புள்ளப்பை உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததற்கான கல்வெட்டு இருக்கிறது. சமணர் இதைச் சல்லேகனை என்பர். இது தற்கொலையே என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

ஆனால் புள்ளப்பையையும் தலைக்கூத்தலையும் ஒரே வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. சல்லேகனையில் நோன்பிருப்பவர் தாமே அறிவித்து, தாமே படிப்படியாக உணவைக் குறைக்கிறார். எந்த நாளிலும் நிறுத்திக்கொள்ளலாம். தலைக்கூத்தலில் விடியலில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி இளநீரை மேல் இளநீராகப் புகட்டுவதற்கு நாள் குறிப்பவர்கள் பிள்ளைகள். கிழவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "உங்களுக்குப் பாரமா இருக்கறேன்" என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? விருதுநகர்ப் பக்கத்து வழக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஆட்டுப்பட்டிக்கு அருகே கட்டில் போட்டு, கஞ்சித் தட்டை எட்ட வைத்துவிட்டு, மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியும் வாங்காமல் இருக்கும் வீடுகள் நம் பக்கமும் உண்டு.

நெதர்லாந்தில் 2002 முதல் மருத்துவரே உயிர் முடிக்கும் சட்டம் இருக்கிறது. பெல்ஜியத்திலும் கனடாவிலும் இருக்கிறது. நோயாளி தாமாகவே, நன்கு யோசித்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதே நெதர்லாந்துச் சட்டத்தின் அடித்தளம். முதியவர் தம் விருப்பத்தை மகன் முகம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற நிலையிலுள்ள ஒரு சமூகத்தில் அச்சட்டத்தை இன்று கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன். கொள்கை அளவில் அது தவறு என்பதற்காக அன்று; முதியோர் ஓய்வூதியத்தையும் மூன்று வேளை உணவையும் நம்பி இருப்பவரின் "போதும்" என்ற சொல்லை என்னால் நம்ப முடியவில்லை.

அம்மாவுக்குப் புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது. "ஒரு ஊசியப் போட்டு முடிச்சுரச் சொல்லு கண்ணு" என்று தினமும் கேட்கிறார். என்ன செய்வது? – வாசகர், உடுமலைப்பேட்டை

அம்மா சாவைக் கேட்கிறாரா, வலி நிற்க வேண்டும் என்று கேட்கிறாரா என்பதை வலியை நிறுத்திவிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். கடும் வலியைத் தணிக்கும் மார்பின் மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறதா? பல மருத்துவர்கள் அடிமையாகிவிடுவார் என்று பயந்து எழுதுவதில்லை. புற்றுநோய் வலிக்கு உரிய அளவில் கொடுக்கும்போது அந்தப் பயத்திற்கு இடம் மிகக் குறைவு. வலி வந்த பிறகு கொடுப்பதற்குப் பதிலாக, நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை என்று மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்தே தொடங்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்திற்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்பின் வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலித் தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வலியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தைக் கருணைக்கொலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எந்த மதமும் சொல்லவில்லை. வலி அடங்கி இரண்டு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகும் அவர் அதையே கேட்டால், எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 76. மகன் வெளிநாட்டில். எனக்கு இந்த நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். எப்படி? – வாசகர், தாராபுரம்

வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைப் பொத்தாம்பொதுவாக எழுதாமல் வென்டிலேட்டர், இதயத்தை மீட்கும் முயற்சி, டயாலிசிஸ் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வலித் தணிப்பு வேண்டும் என்பதையும் மறக்காமல் சேருங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். 2023-க்கு முன்பு இருந்ததுபோல் நடுவரிடம் போக வேண்டியதில்லை. சொத்தில் பங்குள்ளவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்கள் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் குறிப்பிடலாம். மகன் பெயரோடு உள்ளூரில் இருக்கும் ஒருவரின் பெயரையும் எழுதி, அவரிடம் நேரில் பேசி ஒப்புதல் பெறுங்கள். மகன் விமானத்தில் வந்து சேர்வதற்குள் குழாய் போட்டிருப்பார்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் திரும்பப் பெறலாம். நகலை அவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் கொடுத்துவிட்டு, ஒன்றை நகராட்சி அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். அங்கே இதைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி யாரென்று முதல் முறை கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூடும். அப்போது ஆணையர் பெயருக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.